மீன்தலை எங்கே கொதிக்கிறது? ஜொகூரா, சென்னையா, மேடானா, மெல்பர்னா: எங்கள் மசாலாக் கணக்கு

எங்களுடையது சின்னத் தொழில். நானும் தம்பியும், அரைவை மெஷினுக்கு ஒருவர், பாக்கெட் போட இரண்டு அக்காமார், சனிக்கிழமையானால் அம்மா. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காம் மாடியில் கூடம். ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, கோழிக்கறி மசாலா எல்லாம் போடுகிறோம், ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது மீன்தலைக் கறி மசாலாதான். தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகள், ஏழெட்டுச் சாப்பாட்டுக் கடைகள், இணையத்தில் வரும் சில்லறை ஆர்டர், இவ்வளவுதான் வியாபாரம். மூன்று வருடமாக விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வாடகைதான் ஏறியது. மொத்தமே 60 லட்சம் பேர் இருக்கிற ஊரில் எத்தனை வீட்டில்தான் மீன்தலை வாங்குவார்கள், அதில் எத்தனை பேர்தான் எங்கள் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்? சரி, வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்று முடிவானது. எங்கே போவது என்பதில்தான் எட்டு மாதம் ஓடியது, நடுவில் ஒரு தடவை கையையும் சுட்டுக்கொண்டோம்.

இதே யோசனையில் இருக்கிற சின்னக் கடைக்காரர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். முறுக்கு சுடுபவர், மருதாணிக் கூம்பு போடுபவர், ரவிக்கை தைத்து அனுப்புபவர், எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த நாட்டுக்குப் போகலாம்? நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு பெரிய தாளை எடுத்து, இடது பக்கம் ஊர்ப் பேர், மேலே மூன்று கட்டம்: தமிழர் எத்தனை பேர், எவ்வளவு தூரம், சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா. அந்தத் தாளில் சென்னைதான் முதலிடம். வராமல் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல் ஆட்கள், மொழி நம்முடையது, சாப்பாடு நம்முடையது, விமானத்தில் நாலு மணி நேரம், இறங்கினால் கூட்டிப்போகச் சித்தப்பா மகன். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 2005 ஆகஸ்ட்டிலிருந்தே சீக்கா என்ற பொருளியல் ஒத்துழைப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது தெரியுமா என்று தம்பி வேறு பெரிய மனிதன் மாதிரிச் சொன்னான்.

நாற்பது பெட்டி அனுப்பினோம். சித்தப்பா மகனுக்குத் தெரிந்த ஓர் இறக்குமதியாளர், “எல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா” என்றார். அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்றால், இந்தியாவுக்குள் வருகிற உணவுப் பாக்கெட்டில் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் சின்னம், இறக்குமதியாளரின் உரிம எண், முகவரி, அப்புறம் சைவமா அசைவமா என்று காட்டும் குறி, இத்தனையும் இருக்க வேண்டும். அவர் உரிம எண்ணை எங்களுக்கு அனுப்பவே இல்லை, நாங்களும் கேட்கவே இல்லை. இந்த மாதிரிக் குறைகளைச் சுங்கக் கிடங்கிலேயே ஒட்டுத்தாள் ஒட்டிச் சரிசெய்ய அனுமதி உண்டு, அதனால் சரக்கு திரும்பி வராமல் தப்பியது. ஆனால் ஒட்டுகிற ஆளுக்குக் கூலி, கிடங்குக்கு நாள் வாடகை, மாதிரி எடுத்துச் சோதனை என்று மூன்று வாரம் போனது. எங்கள் மீன்தலை மசாலாவில் மீன் கிடையாது, மிளகாய், மல்லி, சோம்பு, வெந்தயம், மஞ்சள் அவ்வளவுதான், அதனால் பச்சைப் புள்ளி. மீன் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியை ஒட்டிய பையனே சிரித்தானாம்.

அதுகூடப் பரவாயில்லை, வெளியே வந்த சரக்கு கடையில் நகரவில்லை. திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதை. எங்கள் மிளகாய் குண்டூரிலிருந்து வருகிறது, மஞ்சள் ஈரோட்டிலிருந்து. அந்த ஈரோட்டிலேயே 1975-இல் தொடங்கிய சக்தி மசாலாவும், 1995-இலிருந்து ஆச்சியும் பெட்டிக்கடை வரைக்கும் தொங்குகிற ஊரில், அதே மிளகாயைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, சிங்கப்பூர் வாடகையில் அரைத்து, மறுபடி கப்பலேற்றி, வரி கட்டி, இரண்டு பங்கு விலைக்கு வைத்தால் யார் தொடுவார்கள்? சைதாப்பேட்டையில் ஒரு கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தலைக்குன்னு தனி மசாலாவாக்கா? அப்ப வாலுக்கும் ஒண்ணு போடுங்க” என்றார். கோபம்தான் வந்தது. ராத்திரி படுத்து யோசித்தபோது அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அங்கே தலை என்பது குழம்போடு கிடக்கிற ஒரு துண்டு, அதை உறிஞ்சிச் சாப்பிட வீட்டில் ஒருவர் இருப்பார், ஆனால் தலைக்காக யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. மொத்தத்தில் 7,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்குக் கொஞ்சம் கூடவே போனது.

அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது எனக்கு ரொம்ப நாள் மண்டையில் ஓடியது. 1977-இல் ஸ்வீடனில் உப்சாலாவைச் சேர்ந்த யோஹான்சன், வால்னே என்ற இரண்டு பேர், நிறுவனங்கள் எப்படி வெளிநாட்டுக்குப் போகின்றன என்று எழுதினார்களாம்: முதலில் மனசுக்குப் பக்கத்தில் இருக்கிற நாட்டுக்கு, அதாவது மொழி, பழக்கம், நடைமுறை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிற நாட்டுக்குப் போவார்கள், அங்கே கற்றுக்கொண்டு அப்புறம் தூரத்துக்குப் போவார்கள். “அப்ப நாம செஞ்சது சரிதானே?” என்றேன். “இருங்க சித்தி” என்றாள். 1996-இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவுக்குக் கிளை பரப்பப் போன கனடா சில்லறைக் கடைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே மொழி, ஒட்டின எல்லை, பார்த்தால் ஒரே மாதிரி ஆட்கள், ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் தோற்றுத்தான் திரும்பினார்கள். நமக்குத் தெரிந்த ஊர்தானே என்ற நினைப்பே கண்ணை மறைத்துவிட்டதாம். அந்நிய ஊர் என்றால் நாலு பேரிடம் கேட்போம், நம்ம ஊர் என்றால் கேட்க மாட்டோம். அந்த இறக்குமதியாளரிடம் நான் ஏன் உரிம எண்ணைக் கேட்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் நாங்கள் விற்கிற பொருளையே கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தோம். மீன்தலைக் கறி சிங்கப்பூரில் பிறந்த பண்டம். 1940-களின் கடைசியில் எம். ஜே. கோமஸ் என்ற மலையாளி தன் சாப்பாட்டுக் கடையில் ஆரம்பித்து வைத்தது என்பார்கள். சீனர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார், எடுத்துக் கேரளத்துக் குழம்பில் போட்டிருக்கிறார். அவர் தன் ஊர்க்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தாளில் கட்டம் போடவில்லை, பக்கத்து மேசையில் இருப்பவர் எதை நோண்டிச் சாப்பிடுகிறார் என்று பார்த்தார். நாங்கள் அந்தப் பண்டத்தின் மசாலாவையே கையில் வைத்துக்கொண்டு தமிழர்களை எண்ணிக்கொண்டிருந்தோம். பழைய தாளைக் கிழித்தோம். புதுத் தாளில் முதல் கட்டம்: இந்த ஊரில் மீன்தலை கொதிக்கிறதா? இரண்டாவது கட்டம்: நாம் போட்ட கணக்கு தப்பு என்றால் எத்தனை நாளில் தெரியும்? மூன்றாவது: தெரிய வருவதற்குள் எவ்வளவு போயிருக்கும்?

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் கொதிக்கிறது. மலாய்க்காரர் வீட்டில் ‘காரி கெப்பாலா ஈக்கான்’, சீனர் கடையில் மண்சட்டியோடு மேசைக்கு வருகிறது, தமிழர் வீட்டில் சொல்லவே வேண்டாம். மலேசியாவில் மூன்றே கால் கோடிக்கு மேல் ஆட்கள், அதில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பழைய தாளில் அந்த ஏழு பேரைத்தான் எண்ணியிருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடற்பாலத்தைத் தாண்டிப் போய், ஒரு பேரங்காடியில் மசாலா அடுக்குக்கு எதிரே இரண்டு மணி நேரம் நின்றேன். காவலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கண் மட்டத்தில் பாபாஸ், அலகப்பாஸ், அதற்குக் கீழே எனக்குத் தெரியாத ஏழெட்டுப் பேர். துடோங் என்ற முக்காடு கட்டிய ஓர் அம்மா வந்தார். பாக்கெட்டை எடுத்தார், கட்டிபட்டிருக்கிறதா என்று விரலால் அழுத்தினார், மூக்கருகே கொண்டுபோனார், பின்னால் திருப்பி ஹலால் சின்னத்தைப் பார்த்தார், கடைசியில்தான் விலை. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் பார்த்தார்கள். இன்னொன்றும் பார்த்தேன், பெரிய பாக்கெட்டை எடுத்தவர்கள் குறைவு, ஒரு தடவைச் சமையலுக்கு ஆகிற சின்னதைத்தான் இரண்டு மூன்றாக எடுத்தார்கள். எங்களிடம் இருந்தது 250 கிராம், ஏழரை வெள்ளி. ரிங்கிட்டில் அது இருபதைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கிறது. என் பையிலிருந்த மாதிரிப் பாக்கெட்டைக் காட்டினேன். அந்த அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “இனி டாரி சிங்கப்பூரா?” என்றார், இது சிங்கப்பூரிலிருந்தா என்று. ஆமாம் என்றதும் தலையாட்டினார், விலையைச் சொன்னதும் பாக்கெட்டைத் திருப்பித் தந்துவிட்டார். சென்னையில் மூன்று வாரத்திலும் 7,000 வெள்ளியிலும் கற்றுக்கொண்டதை இங்கே ஒரு காலைப்பொழுதில் பேருந்துக் கட்டணத்துக்குக் கற்றுக்கொண்டேன்.

திரும்பி வந்து 40 கிராம் பாக்கெட் போட்டோம், ஒரு தலைக்கு ஒரு பாக்கெட். இதில் இன்னொரு வில்லங்கமும் தீர்ந்தது. வாரக்கடைசியானால் நம் ஆட்கள் பாதிப் பேர் மளிகைக்கு ஜேபி, அதாவது ஜொகூர் பாருதான் போகிறார்கள். தேக்காவில் ஏழரை வெள்ளிக்கு இருக்கிற அதே பாக்கெட்டை அங்கே மலிவாக வைத்தால், நம்முடைய வாடிக்கையாளரே அங்கே வாங்கிக்கொண்டு வருவார், தேக்காக் கடைக்காரர் எங்களைப் பிடித்துக்கொள்வார். அளவு வேறாக இருந்தால் விலையை யாரும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில்லை. பக்கத்து நாட்டுக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: எல்லை பக்கத்தில் என்றால் சரக்கு இரண்டு பக்கமும் நடக்கும்.

சட்டதிட்டம் என்று பார்த்தால் ஜொகூர் எங்களுக்குச் சுலபம்தான். வெளியிலிருந்து வரும் உணவுக்கு லேபிள் ஆங்கிலத்திலேயே இருக்கலாம், அங்கிருக்கும் இறக்குமதியாளரின் பேரும் முகவரியும் வேண்டும். மசாலாவுக்கு ஹலால் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் சின்னம் இல்லாத பாக்கெட்டை அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நம்முடைய இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் ஹலால் சான்றிதழை அங்கே அதே வேலையைப் பார்க்கும் ஜாகிம் ஏற்றுக்கொள்கிறது, அதனால் ஒரு சான்றிதழ் இரண்டு பக்கமும் ஓடும். ஆசியான் ஒப்பந்தத்தின்படி வரிச் சலுகை வேண்டுமென்றால் மட்டும் டி படிவம் என்ற பிறப்பிடச் சான்று எடுக்க வேண்டும். நம் மிளகாயும் மல்லியும் இந்தியாவிலிருந்து வருவதால், பொருள் எங்கே உருவானது என்ற கணக்கை முதலிலேயே சரக்கு அனுப்பும் முகவரிடம் பேசிவிடுங்கள், லாரி துவாஸில் நிற்கும்போது அல்ல. 2024 ஏப்ரலில் இறக்குமதியான ஒரு மீன்கறி மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி அளவுக்கு மீறி இருந்ததென்று சிங்கப்பூர் உணவு அமைப்பு அதைத் திரும்பப் பெறச் சொன்னதல்லவா, அந்தச் செய்தி அங்கே கடைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நான் பேசிய கடைகளில் ஆய்வுக்கூட அறிக்கையைக் கேட்காதவர் ஒருவர்கூட இல்லை.

ஜொகூரில் கஷ்டம் காசில்தான். ரிங்கிட்டில் விற்று வெள்ளியில் செலவு செய்கிற தொழில், ஒரு பாக்கெட்டுக்கு நிற்கிற லாபம் இங்கே நிற்பதில் பாதிகூட இல்லை. விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள் என்கிறார்கள், அதுவும் அறுபது நாள் கழித்து. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து, ஊர் எவ்வளவு பக்கமாக இருந்தாலும்.

எங்கள் கூடத்துக்கு வருகிற எல்லோரும் இன்னொரு யோசனை சொல்கிறார்கள்: விற்பது என்ன, அரைப்பதையே அங்கே மாற்றிவிடு. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்பந்தம் ஆகிவிட்டது, உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் என்ற எல்லை தாண்டும் ரயில் 2026 கடைசிக்குள் என்று திட்டம், பயணம் ஐந்து நிமிடம்தான். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட், அதை நம் வெள்ளியில் மாற்றிப் பார்த்தால் தம்பிக்குக் கண் விரிகிறது. நான்தான் வேண்டாம் என்றேன். அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி இது சிங்கப்பூரிலிருந்தா என்பது. அந்தப் பதிலை விற்றுத்தான் கூலியை மிச்சம் பிடிக்க வேண்டுமா? தவிர, விற்கும் இடத்தையும் அரைக்கும் இடத்தையும் ஒரே வருடத்தில் மாற்றினால், சறுக்கும்போது எந்தக் கால் சறுக்கியது என்றே தெரியாது. ஐந்து வருடம் கழித்து வேறு மாதிரிச் சொல்வேனோ என்னவோ.

அடுத்தது இந்தோனேசியாவில், சுமத்ராத் தீவின் மேடான். இதைத்தான் நான் முதலில் அடியோடு ஒதுக்கியிருந்தேன், இப்போது அதிகம் ஆசைப்படுவதும் இதன்மேல்தான். பழைய தாளில் மேடானுக்கு எழுதியிருந்தது கம்போங் மெட்ராஸும் 1884-ஆம் ஆண்டு ஸ்ரீ மாரியம்மன் கோயிலும்தான், ஏதோ சுற்றுலாத் துண்டறிக்கை மாதிரி. அங்கே நம் வம்சாவளியினர் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலோருக்குப் பேச்சு இந்தோனேசிய மொழிதான், அதனால் சந்தை இல்லை என்று அடித்துவிட்டோம். சட்டியைப் பார்த்திருந்தால் அடித்திருக்க மாட்டோம். பாடாங் சாப்பாட்டுக் கடைகளில் ‘குலாய் கெப்பாலா ஈக்கான்’ என்று மீன்தலை அண்டாவில் கொதிக்கிறது. தலைக்கு எதற்குத் தனி மசாலா என்று யாரும் கேட்கப்போவதில்லை. மொழி தூரம், நாக்கு பக்கம். சென்னை இதற்கு நேர் எதிர். 28 கோடிப் பேர் இருக்கிற நாடு வேறு.

ஆனால் வாசல் குறுகல். வெளியிலிருந்து வரும் பாக்கெட் உணவுக்கு பிபோம் என்ற உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பில் எம்எல் எண் என்ற பதிவு எண் வாங்க வேண்டும், அதை உள்ளூர் இறக்குமதியாளர்தான் எடுக்க முடியும், மாதக் கணக்கில் ஆகும். எண் அவர் பேரில் இருப்பதால் நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால் புது ஆளோடு மறுபடி முதலிலிருந்து. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விவாகரத்துச் செலவு நம் தலையில். இறக்குமதி உணவுக்கு ஹலால் சான்று கட்டாயமாகும் கெடு 2026 அக்டோபர் 17. சரி, இணையத்தில் நேரே விற்றுக்கொள்வோம் என்று நினைத்தால் அதுவும் முடியாது: 2023-இல் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பும் பொருள் 100 அமெரிக்க டாலருக்குக் கீழே இருந்தால் அங்கே இணையச் சந்தையில் விற்க முடியாது. ஒரே வாடிக்கையாளர் நூறு டாலருக்கு மசாலா வாங்கினால் ஒழிய எங்களுக்கு வழி இல்லை. ஆக, மேடானில் நாம் தப்பா சரியா என்று தெரியவே ஒரு வருடம் ஆகும். ஆசை வேறு, கணக்கு வேறு.

மெல்பர்ன் கதை இன்னொரு விதம். அங்கே தமிழர்களைத் தேடிப் போனால் ஆஸ்திரேலியா முழுக்க 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதிக்கு மேல் இலங்கைக்காரர்களும் தமிழ்நாட்டுக்காரர்களும் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு மீன்தலை பற்றிச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். ஆனால் அதே கணக்கெடுப்பில் மலேசியாவில் பிறந்தவர்கள் சுமார் 1,65,000 பேர், சிங்கப்பூரில் பிறந்தவர்கள் 60,000 பேர் அளவுக்கு. அவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்தால் சட்டி தேடுகிறது. ஏக்கத்துக்கு விலை பார்ப்பதில்லை. எங்கள் 250 கிராம் பாக்கெட்டை இங்கே விற்பதைவிட ஒன்றரைப் பங்கு விலைக்கு வைத்தும் அங்கே ஒரு மளிகைக் கடையில் தீர்ந்தது. ஒரு பாக்கெட்டுக்கு நிற்கும் லாபம் என்று பார்த்தால் நாலு ஊரிலும் மெல்பர்ன்தான் முதல்.

இடைஞ்சல் எல்லையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் மிளகாய்த்தூளையும் மிளகையும் சால்மொனெல்லா என்ற கிருமிப் பயத்தில் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள பொருள் என்றால் ஐந்து சரக்கு தொடர்ந்து தேறும்வரை ஒவ்வொரு சரக்கையும் நிறுத்திப் பார்ப்பார்கள், அப்புறம் நாலில் ஒன்று, பிறகு இன்னும் குறையும். சின்ன வியாபாரிக்கு அந்த முதல் ஐந்துதான் மலை. ஒவ்வாமைப் பொருட்களின் பேரைத் தடித்த எழுத்தில், எளிய சொல்லில் போட வேண்டும் என்பது 2024 பிப்ரவரியிலிருந்து கண்டிப்பு, எள் போட்ட எங்கள் இட்லிப்பொடி லேபிளை முழுக்க மாற்றினோம். சொந்தமாகக் கண்டெய்னர் எடுக்கிற அளவுக்கு நாங்கள் இல்லை, வேறு ஒருவர் மளிகை ஏற்றுகிற கண்டெய்னரில் எங்கள் பதினைந்து பெட்டியைச் சொருகுகிறோம். அதனால் செலவு குறைவு, ஆனால் அவர் எப்போது ஏற்றுகிறாரோ அப்போதுதான் எங்களுக்குக் கப்பல்.

அமெரிக்கா? கேட்பார்கள் என்று தெரியும். உணவுக்கூடத்தை எஃப்டிஏ என்ற உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிய வேண்டும், அங்கே ஒரு முகவரை வைக்க வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பு தர வேண்டும், 800 டாலருக்குள் இருந்தால் வரியில்லை என்ற சலுகையையும் 2025 ஆகஸ்ட் 29-இலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் அளவுக்கு அது இப்போதைக்கு இல்லை.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு வெளிநாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தரும் எம்ஆர்ஏ மானியம் நல்ல விஷயம், நாங்கள் பார்த்தபோது தகுதியான செலவில் பாதி, ஒரு புதுச் சந்தைக்கு 100,000 வெள்ளி வரை. ஆனால் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னே விண்ணப்பிக்க வேண்டும், காசை நாம் முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் திரும்ப வாங்க வேண்டும். சென்னைக்கு நாங்கள் விண்ணப்பிக்காமலே சரக்கை அனுப்பிவிட்டோம், போனது போனதுதான். இதைவிடப் பெரிய ஆபத்து, பாதிக் காசு அவர்கள் தருகிறார்களே என்று தேவையில்லாத கண்காட்சிக்கெல்லாம் அரங்கு எடுப்பது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாத பொருள் வேண்டாத பொருள்தான்.

மானியத்தைவிட முந்திச் செய்ய வேண்டியது வணிகப் பேரைப் பதிவது. மேட்ரிட் முறை என்ற பன்னாட்டு வணிகக்குறிப் பதிவின்படி இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். இந்தியா 2013-இலும், இந்தோனேசியா 2018-இலும், மலேசியா 2019 கடைசியிலும் அதில் சேர்ந்தன, ஆஸ்திரேலியா அதற்கெல்லாம் முன்னாலேயே இருக்கிறது. நாங்கள் மலேசியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றுக்கும் போட்டோம். இந்தோனேசியாவில் ஒரு பாக்கெட்கூட விற்கவில்லையே, அங்கே எதற்குச் செலவு என்று தம்பி முணுமுணுத்தான். அங்கே முதலில் பதிந்தவருக்குத்தான் பேர். நம் பேரை வேறொருவர் பதிந்துவிட்டு நம்மிடமே விலை சொன்னால் என்ன செய்வான்?

தொழில்முனைவோர் என்றால் துணிச்சல்காரர், எதையும் பணயம் வைப்பவர் என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சாரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர், தேர்ந்த தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001-இல் எழுதியிருக்கிறார். அவர்கள் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் பார்ப்பதில்லையாம், போனால் தாங்குமா என்றுதான் பார்க்கிறார்களாம். சீட்டுப் போடுகிற எங்கள் அம்மாவுக்கு இதைச் சொன்னேன், “இதுக்கு ஆராய்ச்சி வேறயா?” என்றார். அந்தக் கண்ணால் பார்த்தால் எங்கள் தாள் இப்படி வந்தது. ஜொகூர்: 1,500 வெள்ளி, ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மெல்பர்ன்: பதினைந்து பெட்டி, லேபிள் மாற்றம் எல்லாம் சேர்த்து 4,000, நாலு மாதம். மேடான்: இறக்குமதியாளர், பதிவு, முதல் சரக்கு என்று 12,000-க்குக் குறையாது, ஒரு வருடம். சென்னை: ஏற்கெனவே கட்டியாயிற்று.

பெரிய சந்தையை விட்டுவிட்டுச் சின்னதில் போய் உட்கார்ந்தீர்களே என்று கேட்டவர்கள் உண்டு. நாற்பது கோடிப் பேர் சந்தையில் நாற்பது பாக்கெட் விற்பதும், ஒரு தெருவில் நாற்பது பாக்கெட் விற்பதும் எங்கள் கல்லாவுக்கு ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், அந்தத் தெருவில் நாற்பத்தோராவது பாக்கெட் ஏன் விற்கவில்லை என்று போய்க் கேட்க முடிகிறது.

உங்கள் பொருள் முறுக்கோ ரவிக்கையோ என்றால் தாள் வேறு மாதிரி வரும். ரவிக்கைக்கு எல்லையில் சோதனை இல்லை, எடை இல்லை, உடல் அளவு தப்பினால் திரும்பி வரும் அவ்வளவுதான். அதற்கு மெல்பர்னே முதல் ஊராக இருக்கலாம். முறுக்கு நொறுங்கும், அதற்கு ஜொகூரைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

இப்போது ஜொகூரில் ஐந்து கடை. ஒரு கடையில் ஓடவே இல்லை, எடுத்துவிட்டோம். மெல்பர்னுக்கு இரண்டாவது சரக்கு போயிருக்கிறது. சென்னையில் விற்பதில்லை, ஆனால் சித்தப்பா மகன் மூலம் மல்லி வாங்க ஆரம்பித்திருக்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை நானே போய்ப் பார்த்து எடுக்கிறேன், இந்தத் தடவை எல்லாக் கேள்வியும் கேட்கிறேன். தம்பி அடுத்த மாதம் மேடானுக்கு டிக்கெட் போட்டிருக்கிறான், ஒன்றரை மணி நேரம்தான் அக்கா, சும்மா நாலு கடையில் குலாய் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்கிறான். ஒரு பெட்டி எடுத்துப்போகிறேன் என்று நின்றான். பத்துப் பாக்கெட் எண்ணிக் கொடுத்தேன்.